ரப்பர் அக்கா தொடாத படம்

தடால் என்று கண்ணாடிக் கதவு சுவரில் மோதியது. மாதிரிக்காக மாட்டியிருந்த ஃபிரேம்களில் ஒன்று ஆணியிலிருந்து நழுவ, அதற்குள் சிரித்துக்கொண்டிருந்த புதுமணத் தம்பதி குப்புற விழுந்தார்கள்.

"ரப்பர் அக்கான்னு இங்க யாரு?"

வாசலில் நின்றவருக்கு மூச்சு வாங்கியது. லிஃப்ட் கம்பெனியின் பெயர் தைத்த சட்டை. விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறுப்பு.

"நான்தான். என்ன சார்?"

"என் பொண்ணு மூக்குல இருந்த டியூபை எதுக்கு எடுத்தீங்க?"

பாஸ்போர்ட் போட்டோவுக்காகக் காத்திருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போட்டோ கடைக்குள் வந்து கேட்கிற கேள்வியா இது!

ரப்பர் அக்காவுக்கு உடனே பிடிபட்டது. முந்தின நாள் கவுன்ட்டரில் வந்த படம். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த சின்னஞ்சிறு குழந்தை. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. அவளுக்குப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. வேறு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து, குழாய்களையும் பிளாஸ்திரியையும் ஒவ்வொன்றாக அழித்தாள். சிவந்திருந்த தோலுக்கு ரோஜா நிறம் கொடுத்தாள். முடித்தபோது தொட்டிலில் தூங்குகிற தங்கப் பதுமை மாதிரி இருந்தது குழந்தை. அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு உறையில் வைக்கும்போது, இன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தோம் என்றுகூட நினைத்தாள்.

கடையில் அவள் வேலையே அதுதான். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், பின்னால் தொங்குகிற துண்டு, ஓரத்தில் எட்டிப்பார்க்கிற வேண்டாத மச்சினன், எது வந்தாலும் துடைத்துவிடுவாள். அதனால்தான் ரப்பர் அக்கா. "நம்ம கடைக்குப் பருவோட வந்தவங்க பருவோட போனதா சரித்திரமே இல்ல" என்பது முதலாளியின் பெருமை.

"கேட்காம எடுத்துட்டேன் சார். நல்லா இருக்கட்டுமேன்னுதான்..."

"நல்லா இருந்துச்சுங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு." லிஃப்ட்காரர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். வந்த வேகம் மொத்தமும் எங்கேயோ போய்விட்டது. "என் சம்சாரம் அதைப் பார்த்துட்டு, என் பொண்ணு செத்துப்போச்சுன்னு சொல்லிட்டா."

பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருந்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். விழுந்த ஃபிரேமை எடுக்கப் போன முதலாளி பாதி குனிந்தபடி நின்றார்.

"எங்களுக்கு இதுக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சு. இதே மாதிரி பெட்டியிலதான் இருந்துச்சு. கடைசியில டியூபெல்லாம் கழட்டிட்டு, தொடச்சு, துணி சுத்தி இவ கையில குடுத்தாங்க. அப்பத்தான் முதமுதலா டியூப் இல்லாம அது முகத்தைப் பார்த்தா." அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். "இப்ப இந்தப் படத்தைப் பார்த்ததும், இதையும் கழட்டியாச்சா, என்கிட்ட மறைக்கிறீங்களான்னு ஒரே கத்து. கையில ஏத்தியிருந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டுட்டா. மாத்திரையும் இல்ல, சாப்பாடும் இல்ல."

"குழந்தை..." என்று இழுத்தாள் ரப்பர் அக்கா.

"நல்லா இருக்குங்க! கொஞ்சம் கொஞ்சமா தேறிட்டு வருது. இவளுக்குத்தான் ஆபரேஷனுக்கு அப்புறம் ஜுரம் இறங்கல. ஜுரத்தோட புள்ளை இருக்கிற ரூமுக்குள்ள விட மாட்டாங்க. மருந்து ஏறினாத்தான் ஜுரம் இறங்கும், ஜுரம் இறங்கினாத்தான் புள்ளையைப் பார்க்கலாம். செத்த புள்ளைக்கு எதுக்கு மருந்துன்னு கேட்கிறா. நான் என்ன பண்ண?"

"போன்ல அசல் படம் இருக்குமே, அதைக் காட்டலையா?"

"காட்டாம இருப்பேனா? அது பழசுங்கிறா. யாரோட புள்ளையோங்கிறா. அந்த ஸ்கிரீன்ல பார்த்தா எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரிதாங்க இருக்கு. மயக்கத்துல இருந்தப்போ பொறந்தது. இன்னும் ஒரு தடவைகூட நேர்ல பார்க்கல அவ. அதான் பேப்பர்ல போட்டுக் கையில குடுத்தா நம்புவாளேன்னு இங்க வந்தேன்."

நம்புவதற்காக வந்தவரிடம் பொய்யைப் பிரின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ரப்பர் அக்காவுக்குக் காது சுட்டது.

"இன்னிக்கு எப்ப உள்ள விடுவாங்க?"

"மதியம். கொஞ்ச நேரம்."

"புதுசா ஒரு படம் எடுங்க. எடுக்கும்போது உங்க விரலைக் குழந்தை பக்கத்துல வச்சு எடுங்க. தொட விடுவாங்களா?"

"கையை நல்லாத் தேய்ச்சுக் கழுவினா விடுவாங்க. எதுக்கு?"

"குழந்தை எம்மாத்திரம் இருக்கோ அதே அளவுக்குப் போட்டுத் தரேன். இம்மிகூட பெருசும் இல்ல, சின்னதும் இல்ல. உங்க விரல் இருந்தா எனக்கு அளவு கிடைச்சிடும்."

முதலாளி குறுக்கிட்டார். "அது எதுக்கும்மா? பெரிய சைஸ்ல போட்டாத்தானே கஸ்டமருக்குத் திருப்தி?"

"நேத்து பெரிய சைஸ்லதான் போட்டோம் முதலாளி."

முதலாளி விழுந்து கிடந்த தம்பதியைத் தூக்கி ஆணியில் மாட்டப் போனார்.

மதியம் கழிந்து லிஃப்ட்காரர் திரும்பி வந்தபோது கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன. நர்ஸ் பிரஷ்ஷைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னாளாம். அப்படியும் நகத்தோரத்துக் கறுப்பு போகவில்லை.

"பிறவிக் கறுப்புங்க இது," என்று போனை நீட்டினார்.

ரப்பர் அக்கா படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். திரையில் வந்ததும் பழக்கதோஷத்தில் மவுஸ் தானாக அழிக்கிற கருவிமேல் போய் நின்றது. கையை இழுத்துக்கொண்டாள். நிறத் திருத்தத்தை நிறுத்தினாள். மெஷின் தானாகவே வெளுப்பாக்குகிற வசதி ஒன்று உண்டு, அதையும் அணைத்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் எதையாவது தொடத் தோன்றும் என்று பெரிதாக்கவும் இல்லை. உள்ளது உள்ளபடி போகட்டும்.

பிரின்ட் மெஷின் ஒரு பீரோவைப் படுக்கவைத்த அளவு இருக்கும். பேப்பர் சுருள் ஒரு முனையில் இருட்டுக்குள் போகும். உள்ளே வெளிச்சம் அதன்மேல் எழுதும். பிறகு தொட்டி தொட்டியாக மருந்தில் முங்கி, உருளைகளுக்கு நடுவே பிழிபட்டு, சூடான காற்றில் உலர்ந்து மறுமுனையில் எட்டிப்பார்க்கும். அதுவரை யாரும் எதுவும் பார்க்க முடியாது. கடகடவென்ற சத்தம் மட்டும்தான்.

முதல் பிரின்ட் வந்தது. லிஃப்ட்காரர் தன் ஆள்காட்டி விரலைப் படத்திலிருந்த விரல்மேல் வைத்தார். படத்து விரல் வாழைப்பழம் மாதிரி இருந்தது.

"நான் பீமன் இல்லீங்க."

குறைத்தாள். அடுத்தது வந்தது. இப்போது அவர் விரல் படத்து விரலைத் தாண்டி இரண்டு பக்கமும் பிதுங்கியது. கொஞ்சம் கூட்டினாள். மறுபடி கடகட. மறுபடி காத்திருப்பு. முதலாளியும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். கல்லாவை விட்டு அவர் எழுந்து வருவது அபூர்வம்.

தாள் மெதுவாக வெளியே வந்தது. முதலில் தலைக்குப் பெரிதான பின்னல் குல்லா. அப்புறம் நெற்றி. மூடிய இமைகள். குழாய்கள். தோள். கடைசியாகக் கால்கள், தவளைக் குஞ்சு மாதிரி மடங்கியபடி. வயிற்றின் பக்கத்தில் அப்பாவின் விரல், அதைப் பிடித்திருக்கும் ஒரு கை.

லிஃப்ட்காரர் தன் விரலை அதன்மேல் வைத்தார்.

விரல் காணாமல் போய்விட்டது. அதாவது படத்திலிருந்த விரல். ஓரம், நகம், லிஃப்ட் கதவில் எப்போதோ நசுங்கிக் கோணலான நகக்கண், எல்லாம் அவர் விரலுக்கு அடியில் அப்படியே பொருந்தி மறைந்துகொண்டன. இப்போது அந்தக் குட்டிக் கை அவருடைய நிஜ விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பிடிச்சுட்டு இருக்கா," என்றார் மெதுவாக. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மெஷின் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

"ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க," என்றாள் ரப்பர் அக்கா. இரண்டு உள்ளங்கையையும் விரித்து அதன்மேல் தாளை ஏந்தினார் அவர்.

"சூடா இருக்குங்க!"

டிரையரிலிருந்து வருகிற எல்லாப் படமும் சூடாகத்தான் இருக்கும். எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்லத் தோன்றவில்லை. அவர் கைகளில் ஒரு குழந்தை கிடந்தது. உண்மையான அளவில், உண்மையான சூட்டோடு. தாள் சற்றே வளைந்து கைக்குள் அடங்கியபோது, ஐயோ தலையைத் தாங்கிப் பிடிங்க என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டாள்.

"காதைப் பாருங்க," என்றார் முதலாளி. மனிதர் குரலை இவ்வளவு தணித்துப் பேசி அவள் கேட்டதில்லை. "ஓரம் இன்னும் சரியா மடியக்கூட இல்ல. அதுக்குள்ள எல்லா வளைவும் வந்தாச்சு. என்ன ஒரு வேலைப்பாடு!"

இமையில் நூலிழை மாதிரி நீல நரம்பு ஓடியது. தோளில் பூனைமயிர். கீழுதட்டில் ஈரத்தின் பளபளப்பு. மூக்குக் குழாயின் உள்சுவரில் பனித்துளி போல மூச்சின் ஆவி. திரையில் அவள் பார்க்காதது எல்லாம் தாளில் வந்து உட்கார்ந்திருந்தது. ஆவி படிந்திருக்கிறது என்றால் அந்த நொடியில் அந்தக் குழந்தை மூச்சு விட்டிருக்கிறது. நேற்று அந்த மூச்சைத்தான் துடைத்துப் போட்டோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"தினமும் போறேங்க," என்றார் லிஃப்ட்காரர். "ஆனா நான் புள்ளையைப் பார்க்கிறதில்லன்னு இப்பத்தான் தெரியுது. பெட்டிக்கு மேல ஒரு டிவி இருக்கும். அதுல நம்பர் ஓடும். அது இறங்கிடக் கூடாதேன்னு அதையே பார்த்துட்டு நிப்பேன். நேரம் முடிஞ்சுதும்பாங்க, வந்திடுவேன்." கொஞ்சம் நிறுத்தினார். "என் அம்மா உதடு இவளுக்கு. இத்தனை நாளா தெரியாது எனக்கு."

படத்தை அட்டையில் வைத்துக் கட்டும்போது அவர் கேட்டார்: "நீங்களும் கூட வரணும். நான் சொன்னா நம்ப மாட்டா. டியூபை அழிச்சது நான்தான்னு நீங்களே சொல்லணும்."

ரப்பர் அக்கா முதலாளியைப் பார்த்தாள்.

"என்னை ஏம்மா பார்க்கிற? போ. பாஸ்போர்ட்டை நான் பார்த்துக்கிறேன். பருவோட போனா போகட்டும்."

ஆஸ்பத்திரி அறையில் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலின் பாதி வரை வந்திருந்தது. அவர் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். ஊசி இருந்த இடத்தில் பஞ்சு. காலடியில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரரின் அக்கா, தம்பியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"தண்ணிகூட இறங்கலடா. நானும் கெஞ்சிப் பார்த்தாச்சு, திட்டிப் பார்த்தாச்சு. நர்ஸும் மூணு தடவை வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க. இது யாரு?"

"போட்டோ கடை அக்கா."

"ஓ! அந்தப் புண்ணியவதி நீங்கதானா? வாங்க வாங்க, உங்க கைவரிசையை வந்து பாருங்க."

வாங்கிக்கொள்ள வேண்டிய அடிதான். ரப்பர் அக்கா வாங்கிக்கொண்டு கட்டிலருகே போனாள்.

"அம்மா, நான்தான் அந்தப் படத்தைப் போட்டவ. டியூபை யாரும் கழட்டலம்மா. நான் கம்ப்யூட்டர்ல அழிச்சேன். அழகா இருக்கட்டும்னு அழிச்சேன். தப்புதான்."

சுவரைப் பார்த்தபடியே குரல் வந்தது. "எவ்வளவு குடுத்து இப்படிச் சொல்லச் சொன்னார்?"

"ஒண்ணும் குடுக்கல. அந்தப் படம் எங்க?"

ஒரு கை தலையணைக்கு அடியில் போய், நேற்றைய படத்தை எடுத்தது. மூலை மடங்காமல் பத்திரமாக வைத்திருந்தாள்.

"இது போதும் எனக்கு. வேற எதையும் காட்டாதீங்க. இந்த முகத்தோடயே இருந்துட்டுப் போறேன்."

லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரப்பர் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"வலது கன்னத்துல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு பாருங்க. கடுகுல பாதி. தெரியுதா?"

அவள் கண் படத்தின்மேல் நகர்ந்தது.

"இப்ப இடது கன்னத்தைப் பாருங்க. டியூப் ஒட்டியிருந்த கன்னம். அதே புள்ளி, அதே அளவு, பக்கத்துல அதே மாதிரி ஒரு சின்ன மடிப்பு. ஒரு குழந்தைக்கு ஒரே புள்ளி ரெண்டு கன்னத்துலயும் அச்சடிச்ச மாதிரி இருக்குமாம்மா? டியூபை அழிச்சா அந்த இடம் வெறுமையாயிடும். பக்கத்துல இருந்து தோலை எடுத்து ஒட்டணும். வலது கன்னத்தை எடுத்து இடது கன்னத்துல ஒட்டினேன். புள்ளியும் கூடவே வந்ததை நான் கவனிக்கல. இந்த முகம் நான் ஒட்டுப்போட்டது. உங்க பொண்ணு முகம் இது இல்லம்மா."

அவள் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். ஒரு கன்னத்தைப் பார்த்தாள். மறு கன்னத்தைப் பார்த்தாள். மறுபடியும் முதல் கன்னம். பிறகு மெல்ல இவர்கள் பக்கம் புரண்டாள். ஜுரத்தில் உதடு வெடித்திருந்தது.

"அப்ப என் பொண்ணு முகம் எது?"

லிஃப்ட்காரர் அட்டையின் கட்டை அவிழ்த்தார். படத்தைப் போர்வையின்மேல், அவள் கை எட்டுகிற இடத்தில் வைத்தார்.

"இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதாம்மா. இன்னிக்கு மதியம் எடுத்தது. நிஜத்துல எவ்ளோ இருக்காளோ அதே அளவு. இங்க பாரு, என் விரல்." ஆள்காட்டி விரலைப் படத்து விரல்மேல் வைத்தார்.

அவள் அந்தக் கோணல் நகக்கண்ணைப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து விரலைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி இறக்கினாள். மறுபடி தூக்கினாள். பிறகு அவர் கையை அப்படியே ஒதுக்கிவிட்டுத் தன் விரலை அங்கே வைத்தாள். அவள் விரல் மெலிசு. படத்து விரலின் ஓரம் இரண்டு பக்கமும் தெரிந்தது. அந்தக் குட்டிக் கையின் பிடிக்குள் இன்னொருவருக்கும் இடம் இருந்தது.

உள்ளங்கையைக் குழந்தையின் மேல் படரவிட்டாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை அவள் கை மூடியது. அப்படியே வைத்திருந்தாள். வெளியே நடைபாதையில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் வந்து, தேய்ந்து, போயிற்று.

நம்பிவிட்டாளா? கணவர் அவள் முகத்தைப் பார்க்கிறார். அக்காக்காரி பார்க்கிறாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கையை எடுத்துவிட்டு, படத்தைத் தூக்கி வெயில் விழுகிற பக்கம் சாய்த்தாள். குல்லாவிலிருந்து ஆரம்பித்து, அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி, அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண் ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன?"

"எதும்மா?"

"இந்தக் கோடு."

வலது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, மயிரிழை கனத்தில் ஒரு சிவப்புக் கோடு. கடையில் மூன்று பேர் வாயைப் பிளந்து பார்த்த படம்தான். மூன்று பேர் கண்ணிலும் அது படவில்லை.

ரப்பர் அக்காவுக்குத் திக்கென்றது. பிரின்ட்டில் கீறல் விழுந்துவிட்டதா? கட்டும்போது நகம் பட்டதா? படத்தை வாங்கிச் சாய்த்து, வெளிச்சம் வழுக்கி ஓடும்படி பிடித்துப் பார்த்தாள். தாளின் பளபளப்பு எங்கேயும் அறுபடவில்லை.

"பேப்பர்ல இல்லம்மா. கன்னத்துலதான் இருக்கு."

"நேத்து படத்துல இது இல்லையே. இதையும் நீங்கதான் அழிச்சீங்களா?"

"இல்ல. அந்தக் கன்னத்துல நிறத்தைத்தான் கொஞ்சம் மாத்தினேன். கோடு எதையும் அழிக்கல. அசல் படத்துலயும் இல்ல. வேணும்னா போன்ல பாருங்க."

லிஃப்ட்காரர் அவசரமாகப் போனை எடுத்து நேற்றைய படத்தை விரித்து நீட்டினார். அதே கன்னம். அதே வெள்ளைப் புள்ளி. கோடு மட்டும் இல்லை.

அவள் போனைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். அப்பாவின் விரலைப் பிடித்திருந்த அந்தக் கையின் பக்கம் முகத்தைக் கொண்டுபோய், வெகுநேரம் ஏதோ தேடினாள். நிமிர்ந்தபோது அவள் குரலில் கோபம் இருந்தது. வீட்டில் யாரோ செய்ய மறந்த வேலைக்காக வருகிற, சாதாரணமான, உயிருள்ள கோபம்.

"நகம் வளந்திருக்குங்க! தானே கீறிக்கிட்டிருக்கா. கையுறை போட்டுவிடுங்கன்னு அந்த நர்ஸ்கிட்ட இப்பவே போய்ச் சொல்லுங்க, ராத்திரி மறுபடியும் கீறிக்கப் போறா!"